உப்பைத் தாங்கும் நஞ்சு

புதுச்சேரிக்கு வடக்கே, கழுவேலி ஏரியை ஒட்டிய உவர்நிலத்தில் விரிந்து கிடக்கின்றன மரக்காணம் உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வண்டியில் உப்பேற்றி ஊர்ஊராகச் சென்ற உமணரும் அதே நூலில் வருகின்றனர். 19ஆம் நூற்றாண்டில் பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரை நீண்டபின், இங்கு வாரிய உப்பு படகில் சென்னைக்குப் போக வழி பிறந்தது.

இக்கரையில் உப்பு விளைவதும் மீன் உலர்வதும் பிரிக்க முடியாத இரு தொழில்கள். பிடித்த மீனை அன்றே விற்க முடியாதபோது, வயிற்றைக் கீறிக் குடலை நீக்கி, உப்பிட்டு, வெயிலில் காயவைத்துக் கருவாடாக்குவர். உப்பு மீனிலுள்ள நீரை உறிஞ்சிவிடுகிறது. நீரின்றிப் பெரும்பாலான பாக்டீரியா பெருக முடியாது. உப்பு குறைந்தாலோ, உப்பிடத் தாமதமானாலோ, மீன் அழுகத் தொடங்கிவிடும்.

உப்பை ஏழைக்கு எட்டாததாக்கியது வரி. சென்னை மாகாணத்தில் 1805இல் உப்பு அரசின் ஏகபோகமானது. மீன்வளத்தை ஆராய்ந்த இராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே, 1873இல் வெளியான தம் அறிக்கையில் இதன் விளைவைச் சுட்டினார்: வரி கட்டிய உப்பை வாங்க இயலாத மீனவர், கரையோர உப்பு மண்ணால் மீனைப் பதப்படுத்தினர், அல்லது போதிய உப்பின்றியே உலர்த்தினர். பின்னர் மாகாணக் கரையோரத்தில் வரியில்லா உப்பு தரும் மீன் பதனிடும் முற்றங்களை அரசு திறந்தது. பசியோடு உப்பு வரி கொண்டிருந்த தொடர்பை 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தின் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு மீன் அறிக்கை பதிவுசெய்திருந்தது என்பது பலரும் கவனிக்காத வரலாறு.

ஆனால் மற்ற கிருமிகளைத் தடுக்கும் அளவு உப்புக்கு அடங்காத ஒரு கிருமி உண்டு. ஸ்காட்லாந்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880 வாக்கில் சீழ்க்கட்டிகளில் கண்டு, ஸ்டெஃபைலோகாக்கஸ் எனப் பெயரிட்ட கொத்துக்கிருமி அது. மனிதரின் மூக்கிலும் தோலிலும் இயல்பாகவே குடியிருக்கும். ஆய்வகங்களில் மற்ற கிருமிகளை ஒதுக்கி இதை மட்டும் வளர்த்தெடுக்க 7.5 சதவீத உப்புக் கலந்த ஊடகத்தைப் பயன்படுத்துகின்றனர். போட்டியிடும் கிருமிகளை உப்பு விலக்கிவிட, இது தாங்கி நிற்கிறது. கீறலோ புண்ணோ உள்ள கையிலிருந்து அரைகுறையாக உப்பிட்ட ஈர மீனுக்கு இது தாவினால், அங்கே பெருகி என்டெரோடாக்சின் எனும் குடல்நச்சைச் சுரக்கக்கூடும். 1914இல் எம்.ஏ. பார்பர் பிலிப்பைன்சில் ஒரு மாட்டின் பாலை ஆராய்ந்தபோது, கிருமியன்று, அது பாலில் விட்டுச்சென்ற பொருளே வாந்தியைத் தருவதாகக் கண்டார். 1930இல் சிகாகோவில் கெயில் டேக், கேக் உண்டவர்களின் நோய்க்குக் காரணமும் அத்தகைய நச்சே என நிறுவினார்.

இந்நச்சை உடல் எப்படி அறிகிறது என்பது விளங்க மேலும் அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. பொதுவாக, நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல் ஒரு நச்சை முழுதாக நேரடியாகப் பார்ப்பதில்லை. மற்றொரு செல் நச்சை விழுங்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு துண்டை எம்.ஹெச்.சி. எனும் புரதத் தொட்டிலில் ஏந்தித் தன் மேற்பரப்பில் காட்ட வேண்டும். அந்தத் தொட்டிலும் துண்டும் சேர்ந்த வடிவத்துக்குத் தன் ஏற்பி பொருந்தும் டி செல் மட்டுமே விழித்துக்கொள்ளும். துண்டு, தொட்டில் இரண்டும் சேர்ந்தே அறியப்படுகின்றன என்பதை 1974இல் ஸிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் வைரஸ் தாக்கிய செல்களில் காட்டினர். 1996இல் நோபல் பரிசும் பெற்றனர். டெட்டனஸ் தடுப்பூசி இதே வழியில்தான் பயனளிக்கிறது. ஃபார்மலின் கொண்டு நச்சின் வீரியத்தை அழித்தாலும் துண்டுகளின் வடிவம் எஞ்சுவதால், அவற்றை அறியும் டி செல்கள், எதிர்ப்புரதம் உண்டாக்கும் பி செல்களுக்குத் துணை நிற்கின்றன.

ஸ்டெஃபைலோகாக்கஸின் குடல்நச்சு இந்த ஒழுங்குக்கு அடங்காதது. 1989இல் ஜான் கேப்ளரும் ஃபிலிப்பா மேரக்கும் அவர்தம் குழுவினரும் அதன் வழியைக் கண்டனர். நச்சு நறுக்கப்படாமல், முழு வடிவிலேயே, எம்.ஹெச்.சி. தொட்டிலின் வெளிப்பக்கத்தை ஒரு புறமும், டி செல் ஏற்பியின் பீட்டா சங்கிலியை மறுபுறமும் பிடித்து இணைக்கிறது. எந்தத் துண்டு தொட்டிலில் இருக்கிறது என்பது இங்கே பெரிதாக ஒரு பொருட்டில்லை. ஒரு குறிப்பிட்ட வகை பீட்டா சங்கிலி கொண்ட டி செல்கள் எல்லாமே ஒன்றாக விழிக்கின்றன. சாதாரண நச்சுத் துண்டை அறிவது பல்லாயிரத்தில் ஒரு டி செல். இந்நச்சோ ஐந்தில் ஒரு பங்கு வரை கிளப்பிவிடும். இதனால் இதற்குச் சூப்பர் ஆன்டிஜென் என்று பெயர். இரத்தத்தில் கலந்தால், அத்தனை செல்களும் ஒரே நேரத்தில் சுரக்கும் சைட்டோகைன் எனும் சமிக்ஞைப் புரதங்கள் இரத்த அழுத்தத்தைச் சரித்து அதிர்ச்சி நிலைக்குத் தள்ளும். இதே கிருமியின் மற்றொரு சூப்பர் ஆன்டிஜெனால் வரும் நச்சு அதிர்ச்சி நோய்க்கு 1978இல் பெயர் சூட்டப்பட்டது.

உணவில் கலந்து உண்டபோது சில மணி நேரத்தில் வரும் வாந்தி வேறு வழியில் எழுகிறது. நச்சு குடலின் நரம்புகளைத் தூண்ட, வேகஸ் நரம்பு மூளையின் வாந்தி மையத்தை எட்டுகிறது. இந்நச்சின் புரத அமைப்பு மிக உறுதியானது. கொதிக்கும் குழம்பில் கிருமி மடிந்தாலும், அது முன்னரே சுரந்த நச்சு முழுதும் அழியாது. ஆகவே தடுப்பு நடைபெற வேண்டிய இடம் அடுப்பன்று. மீன் கரைசேர்ந்த உடனே போதிய உப்பிடும் மணல்மேடும், புண்ணைக் கட்டிய தூய கைகளும், ஈரம் முழுதும் வற்றும் வெயிலுமே.