முதலை வளர்த்தால் முதல் தேறுமா?

மலைப்பாம்பு, இக்வானா போன்றவற்றை ஆசைக்கு வளர்த்து, குட்டிகளை விற்று லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சிலர் சொல்கிறார்கள். இதில் ஊகம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே ஐம்பது வருடக் கணக்கு இருக்கிறது. வணிகவியல் மாணவன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

1970கள் வரை ஊர்வன என்றால் வியாபாரிக்குத் தோல்தான். பாம்புத் தோல் சென்னையிலிருந்து கப்பலேறியது. பாம்பைப் பிடித்துக் கொடுத்த இருளர்களுக்குக் கிடைத்தது சொற்பக் காசு. பாம்பு குறைந்தால் வயலில் எலி என்ன பாடு படுத்தும் என்று நம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த நஷ்டம் எந்தத் தோல் வியாபாரியின் பேரேட்டிலும் ஏறவில்லை. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது.

முதலைக்கும் இதே கதிதான். தோலுக்காகச் சுட்டுச் சுட்டு அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 1975ல் ஐ.நா. உதவியோடு மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இங்கே அமராவதி, சாத்தனூர் அணைகளில் பண்ணைகள் வந்தன. 1976ல் ரோமுலஸ் விட்டேகரும் அவரது குழுவினரும் மாமல்லபுரத்துக்கு முன்னால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயரே 'க்ரொகடைல் பேங்க்'. வங்கி மாதிரி சேமித்துப் பெருக்கி ஆறுகளுக்குத் திருப்பிக் கொடுப்பது நோக்கம். பிற்காலத்தில் தோலை முறையாக விற்று உள்ளூர் மக்களுக்கு வருமானம் தரலாம் என்ற யோசனையும் அந்தக் காலத்தில் பேசப்பட்டது.

உற்பத்தியில் குறையே இல்லை! சதுப்பு நில முதலை ஒரு ஈட்டுக்கு ஏறத்தாழ 25, 30 முட்டை இடும். வடநெம்மேலியில் அது ஒரே வருடத்தில் இரண்டு முறைகூட முட்டையிட்டது. சில வருடங்களிலேயே முதலைகள் ஆயிரக்கணக்கில் பெருகின.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஆற்றில் விட இடமில்லை. நம் கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் இருக்கிற முதலைகளுக்கே மக்கள் பயப்படுகிறார்கள், மேலும் நூறைக் கொண்டுவந்து விடுகிறோம் என்றால் யார் சம்மதிப்பார்கள்? தோலை விற்கச் சட்டம் இடம் தரவில்லை. தாய்லாந்தில் 1950ல் தொடங்கிய சமுத் பிரகான் பண்ணைக்குத் தோல், நுழைவுச்சீட்டு என்று இரண்டு வரவு. வடநெம்மேலிக்கு நுழைவுச்சீட்டும் நன்கொடையும்தான். 2020ல் கொரோனாவால் வாசலை மூடியபோது உதவி கேட்டு வேண்டுகோள் விட வேண்டியதாயிற்று. முதலை பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். விற்காத சரக்கு கிடங்கில் சும்மா கிடக்கும், இந்தச் சரக்கோ தினமும் தீனி கேட்கும்! கடைசியில் முட்டைகளை எடுத்து அப்புறப்படுத்தி, பெருக்கத்தையே தடுக்க வேண்டி வந்தது. 1,000 முதலைகளை குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்த வழக்கை 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அதே வளாகத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. 1978ல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடிக்கிறார்கள். மூன்று, நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்துவிட்டு, அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிப்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். இங்கே இனப்பெருக்கச் செலவே கிடையாது. மீதி நாளெல்லாம் காடே தீனி போடுகிறது. அனுமதி தாமதமானால் வருமானம் நின்றுபோகும் என்ற ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் தோலுக்காகப் பாம்பைக் கொன்ற கைகள் இன்று உயிர் காக்கும் மருந்துக்கு மூலப்பொருள் தருகின்றன. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சரி, பொழுதுபோக்காக வளர்ப்பவர்கள் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1992ல் முதன்முதலாக வெள்ளை நிற பால் பைத்தான் குட்டிகளைப் பண்ணையில் பொரிக்க வைத்தார்கள். அரிதாக இருந்தவரை ஆயிரக்கணக்கான டாலர் விலை. எல்லோரும் வளர்க்க ஆரம்பித்ததும் விலை சரிந்தது. முதலில் இறங்கியவருக்கு லாபம், கடைசியில் இறங்கியவருக்குத் தீனிச் செலவு. நம் நாட்டிலோ உள்ளூர்ப் பாம்பு, நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பதே குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களுக்கும் 2022 சட்டத் திருத்தம், 2024 விதிகளின்படி வளர்ப்பு, பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் பதிவு செய்தாக வேண்டும்.

ஆகவே ஊர்வனவற்றைப் பெருக்குவது கஷ்டமில்லை என்பதை வடநெம்மேலி நிரூபித்துவிட்டது. லாபம் என்பது வேறு கேள்வி. எத்தனை குட்டி வரும் என்று கணக்குப் போடும் முன், விற்காத குட்டிக்கு யார், எத்தனை வருடம் சோறு போடுவது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள் நண்பர்களே. பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.