யாரிடம் யோசனை கேட்பது?

படிப்பை முடித்த பிள்ளையைத் தொழிலில் இறக்கிவிட எண்ணும் குடும்பங்களில், பெரியவர்கள் கூடி அமரும்போது இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. யாரைப் போல் ஆக வேண்டும் என்பது ஒன்று. யாரிடம் போய் மஷூரா கேட்கலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை உடனே வந்துவிடுகிறது. ஊரறிந்த, நாடறிந்த செல்வர் ஒருவரின் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டாவது கேள்விக்கும் அதே பெயரையே விடையாக வைத்துவிடுவதுதான் நம்மிடம் காணப்படும் குறை. வியப்பது வேறு, யோசனை கேட்பது வேறு. கலந்தாலோசனையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதற்குத் திருக்குர்ஆனின் 42-ஆம் அத்தியாயம் ‘அஷ்ஷூரா’ என்ற பெயரையே தாங்கி நிற்பது சான்று. அத்தகைய ஒன்றைப் பெயரின் பெருமை பார்த்துச் செய்யலாகாது.

தாராபுரத்தை எடுத்துக்கொள்வோம். அமராவதிக் கரையிலுள்ள இப்பழைய ஊர், ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் மாவட்டத் தலைமையிடமாக விளங்கியது. கோவைச் சீமை அப்போது பவானி, தாராபுரம் என்னும் இரு தலைமையிடங்களின் கீழ்ப் பிரிந்திருந்தது. 1804-இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டுத் தலைமை கோயம்புத்தூருக்குப் போயிற்று. பிறகு இருப்புப்பாதையும் இவ்வூரைத் தொடாமலே போயிற்று. இன்றும் தாராபுரத்தில் இரயில் நிலையம் கிடையாது. ஆகவே இவ்வூர் வணிகர்களின் வாழ்வு சாலையை நம்பியே வளர்ந்தது. மாட்டு வண்டி போய் மோட்டார் வண்டி வந்த காலத்தில், பஸ் விட்டவரே பெரிய மனிதராகத் தோன்றியதில் வியப்பில்லை.

கொங்கு நாட்டில் ‘யாரைப் போல்’ என்ற கேள்விக்கு முதலில் வரும் பெயர் ஜி. டி. நாயுடு. அந்தப் பஸ் தொழிலில்தான் அவர் பெயர் எழுந்தது. 1893-இல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் நாட்டமற்றவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, அதை வாங்குவதற்காகவே கோவை ஓட்டல் ஒன்றில் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கியதும் ஓட்டிப் பார்த்து மகிழ்வதோடு நிற்காமல், அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்தார். 1920-இல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். 1933-இல் அவருடைய யு. எம். எஸ். நிறுவனத்தில் 280 பஸ்கள் ஓடின. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். கோவை அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவையெல்லாம் நம் பிள்ளைகளும் அறிந்தவை. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் நடந்ததைத்தான் நாம் வேகமாகக் கடந்து போய்விடுகிறோம். முதல் உலகப் போர்க் காலத்தில் நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழில் நடத்திக் கணிசமாகச் சம்பாதித்தார். அந்தப் பணத்துடன் பம்பாய்க்குப் போய்ப் பருத்திச் சந்தையில் இறங்கி அதை இழந்தார். திருப்பூரில் பருத்தியைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வாங்கியவர், பம்பாயில் விலையை மட்டுமே பார்த்து வாங்க வேண்டியிருந்தது. தாம் நன்கு அறிந்த சரக்காயிற்றே என்ற துணிவு அங்கே பயன்படவில்லை. சொந்த ஊரில் கைவந்த வியாபாரத்தைப் பெருநகரில் பத்து மடங்காகப் பெருக்கிவிடலாம் என்று புறப்படும் இளைஞர் ஒவ்வொருவரும் கேட்டறிய வேண்டிய செய்தி இது. மேம்பாலத்தின் பெயர்ப் பலகையில் இது இடம்பெறாது.

தோற்றுத் திரும்பிய நாயுடு யாரிடம் போனார் என்பதும் கவனிக்கத்தக்கது. கோவையில் பஞ்சாலைத் தொழிலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையிடம் போனார். ஸ்டேன்ஸுக்கு அப்போது வயது எழுபதைக் கடந்துவிட்டது. அவர் கொடுத்த கடனுதவியும் சேர்ந்துதான் அந்த முதல் பஸ் வாங்கப்பட்டது. நாடு முழுவதும் வியந்து பார்க்கும் மனிதரும் ஒருநாள் இன்னொருவர் வாசலில் நின்றவரே. அவர் தேடிப் போன வாசல் தொலைவிலுள்ள கோடீசுவரருடையதன்று. அதே ஊரில் அரை நூற்றாண்டு தொழில் செய்து, ஊரையும் ஆளையும் அறிந்த ஒரு முதியவருடையது.

நாயுடுவின் எல்லாச் செயல்களும் பின்பற்றத்தக்கவை என்று நாம் சொல்ல வரவில்லை. 1952-இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் மோட்டார் காரை அவர் உருவாக்கினார்; அரசின் அனுமதி கிடைக்காமல் அது நின்றுபோயிற்று. வரிச்சுமையைக் கண்டித்துத் தாம் செய்த பொருள்களைப் பலர் முன்னிலையில் தாமே உடைத்தெறிந்ததும் உண்டு. இலட்சங்களை இழந்தாலும் தாங்கக்கூடிய ஒருவர் அப்படிச் செய்யலாம். கடன் வாங்கிக் கடை வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

பொள்ளாச்சி நா. மகாலிங்கம் அவர்களைப் பற்றியும் சில வார்த்தைகள். தந்தையார் நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய பஸ் தொழிலைச் சர்க்கரை ஆலை, மோட்டார் உதிரிப்பாகம் என விரித்தவர். 1952 முதல் 1967 வரை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர். அத்திட்டத்தின் நீர் தாராபுரம் வட்டத்து நிலங்களுக்கும் பாய்கிறது. 2014-இல் மறைந்தார். தந்தை தேடிய பொருளைக் கட்டிக் காத்துப் பெருக்குவது எப்படி என்று அறிய விரும்புவோர்க்கு அவர் வாழ்க்கை ஒரு பாடம். ஆனால் தந்தை தேடிவைக்காத வீட்டுப் பிள்ளை முதலில் வேறு வாழ்க்கைகளைப் படிக்க வேண்டும்.

இனி, நம் சமுதாயத்துக்கு வருவோம். நம்மவர்களிடம் கேட்டால் முதற்பெயராக வருவது சீதக்காதி வள்ளல். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்ற பழமொழி தமிழர் அனைவரின் நாவிலும் நிற்கிறது. உமறுப் புலவரை ஆதரித்த பெருமை அவருடையது. ஆனால் கொடுப்பதற்கு முன் அவர் ஈட்டினார் அல்லவா? கீழக்கரையிலிருந்து கப்பல் ஓட்டி, மிளகும் அரிசியும் துணியும் வாணிபம் செய்து, டச்சுக்காரரோடும் ஆங்கிலேயரோடும் பேரம் பேசியவர் அவர். கொடுத்த கை நம் நினைவில் நிற்கிறது. கணக்கு எழுதிய கை மறந்துபோயிற்று. நம் சமுதாயம் தன் வணிகர்களை வள்ளல்களாக மட்டுமே நினைவில் வைத்திருப்பதால், வணிகம் கற்கத் தன் வரலாற்றையே நாட முடியாமல் தவிக்கிறது என்பது நம் கருத்து.

சென்னை ஜமால் முகம்மது சாகிபுக்கும் இதே நிலைதான். 1925-இல் சுலைமான் நத்வி, 1927-இல் பிக்தால், 1929-இல் அல்லாமா இக்பால் ஆகியோரைச் சென்னைக்கு வரவழைத்த சொற்பொழிவு வரிசைக்கு அவரே புரவலர் என்பதை நம் ஏடுகள் பலமுறை எழுதியுள்ளன. இக்பாலின் புகழ்பெற்ற தத்துவ நூல் அச்சொற்பொழிவுகளிலிருந்து பிறந்ததே. ஆனால் அவர் தோல் வணிகர். தென்னாட்டில் பதனிட்ட தோலை இலண்டன் சந்தைக்கு அனுப்பியவர். அத்தோலைப் பதனிட அந்நாளில் வேண்டியிருந்தது ஆவாரம்பட்டை. கொங்கு நாட்டு வறண்ட காடுகளில் தானே முளைக்கும் செடி அது. இந்திய வணிகர் கூட்டமைப்பின் தலைமைப் பொறுப்பிலும் அமர்ந்தார். 1931-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு வணிகர்களின் பிரதிநிதியாக, பிர்லா, புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் ஆகியோருடன் சென்றார். காட்டுச் செடியின் பட்டையிலிருந்து இலண்டன் வரை நீண்ட அந்தச் சங்கிலியை அவர் எப்படிக் கட்டிக் காத்தார் என்பதல்லவா நம் தோல் மண்டிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி!

எல்லாவற்றுக்கும் மேலாக, தாராபுரத்தார் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர் உண்டு. 1925-இல் திருப்பூரில் பேபி நிட்டிங் என்ற பெயரில் முதல் பின்னலாடைத் தொழிலகத்தைத் தொடங்கியவர் குலாம் காதர் என்ற முஸ்லிம் பெருமகன். பனியன் நெய்வதில் கல்கத்தா கொடிகட்டிப் பறந்த காலம் அது. பருத்திச் சந்தை என்றே அறியப்பட்ட திருப்பூரில், பஞ்சை விற்றுவிடாமல் ஆடையாக்கலாம் என்று கையால் சுற்றும் இயந்திரங்களை வைத்துக்கொண்டு துணிந்தார். 1978-இல் இத்தாலிய வணிகர் திருப்பூரைத் தேடி வந்ததும், பின்னர் ஏற்றுமதி பல்லாயிரம் கோடியாக வளர்ந்ததும் அந்தச் சிறு தொடக்கத்துக்குப் பின் வந்த கதை. இன்று தாராபுரம் திருப்பூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. காலையில் இங்கிருந்து புறப்படும் பஸ்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பனியன் கம்பெனிக்குப் போய் வருகிறார்கள். நாயுடுவின் பெயரை அவர்கள் அறிவார்கள். குலாம் காதரின் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள்.

அவர் மேம்பாலம் விட்டுச் செல்லவில்லை; ஒரு தொழிலை விட்டுச் சென்றார். அத்தொழிலில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழன்ற முதியவர்கள், பெயர் வெளிவராத சிறு கம்பெனிக்காரர்கள், திருப்பூர்த் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள். நூல் விலை திடீரென ஏறிய ஆண்டில் ஒப்புக்கொண்ட சரக்கை எப்படிக் கொடுத்து முடித்தார்கள், யாருக்குக் கடன் கொடுத்தார்கள், யாருக்கு இல்லையென்றார்கள், எந்தக் கூட்டாளியை ஏன் விலக்கினார்கள், வட்டிக்குப் போகாமல் முதல் திரட்டியது எப்படி என்று கேட்டால் சொல்வார்கள். ஒரு வேளை பஸ் பயணம். கையில் ஒரு குறிப்புப் புத்தகம்.