கையாற் செய்த மணம்: ஆனையிறவின் இருமருங்கும் நிலவிய திருமண மரபு

தமிழ்மொழி திருமணத்தை ஒரு செயலாகவே வழங்கி வருகின்றது. கலியாணஞ் செய்தல், பந்தலிடுதல், தோரணங் கட்டுதல், பொன்னுருக்குதல், தாலி கட்டுதல், கோலமிடுதல் ஆகிய சொற்கள் யாவும் கையின் தொழிலைக் குறிக்கும் வினைகளாம். வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்னும் பழமொழியும் மணத்தை மனை கட்டுதலோடு ஒரு நிரையில் வைத்துரைக்கின்றது. இவ்விரண்டும் பலர் கைகூடி, பல நாள் உழைத்து நிறைவேற்றுவன. ஈழநாட்டின் வடபுலத்தில் அக்கைகள் எவருடையன, அவை எவ்வாறு கூடின, எவ்விடத்துப் பிரிந்தன என்பவற்றை ஆராய்தல் அந்நாட்டு மக்களின் வரலாற்றையே ஒருவாறு ஆராய்தலாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலைக்களன் ஆனையிறவு. யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு அது. வன்னிக் காட்டிற் பிடித்த யானைகள் ஆழமற்ற கடனீரேரியைக் கடந்து இவ்வழியே குடாநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து கப்பலேற்றப்பட்டன. அதுவே இப்பெயருக்குக் காரணம் என்பது பொதுவழக்கு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவ்வாணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டினர். ஒல்லாந்தர் இங்கு ஒரு கோட்டையும் வைத்திருந்தனர். யானை சென்ற வழியே வன்னியின் நெல்லும் முதிரை பாலை முதலிய மரங்களும் தேனும் நெய்யும் வடக்கே சென்றன. குடாநாட்டின் புகையிலையும் பனம்பொருள்களும் பொன்னணிகளும் தெற்கே வந்தன. 1905இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் இப்போக்குவரத்து விரைவுற்றது. இரணைமடுக் குளத்தின் நீர்வளத்தை நம்பிக் குடாநாட்டுக் குடும்பங்கள் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேறிய பின்னர், பொருள் கடந்த அவ்வழியே மணவுறவும் கடந்தது. மாப்பிள்ளை ஒருபுறத்தவராகவும் பெண் மறுபுறத்தவளாகவும் அமைந்த இல்லங்கள் பல்கின.

பண்டை மணப்பந்தர்

தமிழர் மணவினையைக் காட்டும் மிகப் பழைய சான்றுகள் அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள். முன்னையது நல்லாவூர் கிழார் பாடியது; பின்னையது விற்றூற்று மூதெயினனார் பாடியது. நிரையாகக் கால் நட்ட பெரும்பந்தரும், அதன்கீழ்ப் பரப்பிய புதுமணலும், ஏற்றிய விளக்கும், உழுந்து சேர்த்துச் சமைத்த களியும் 86ஆம் பாடலிற் கூறப்படுகின்றன. முதுபெண்டிர் தலையிற் குடமும் கையிற் புதிய கலமும் ஏந்தி நிற்கின்றனர். மகப்பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அந்நீரோடு கலந்த பூவும் நெல்லும் அவள் கூந்தலிற் படிகின்றன. மற்றைப் பாடலில் அறுகோடு சேர்த்துக் கட்டிய வெண்ணூல் அணிவிக்கப்படுகின்றது. எரியோம்பலையோ பொற்றாலியையோ இப்பாடல்கள் கூறவில்லை. அவை கூறுவன மணல், நீர், நெல், பூ, நூல் ஆகியனவும் அவற்றைக் கையாண்ட சுற்றத்தாருமேயாம்.

சிலப்பதிகாரத்து மணம் இதனின் வேறுபட்டது. அங்கே மூத்த பார்ப்பான் சடங்கை நடத்துகின்றான். மணமக்கள் தீவலஞ் செய்கின்றனர். எனினும் மலரும் முளைப்பாலிகையும் ஏந்திய மகளிர் கூட்டம் அங்கும் உண்டு. சடங்கின் தலைமை மாறிய போதும் மகளிர் கைத்தொழில் மாறிற்றில்லை. அக்காப்பியத் தலைவியாகிய கண்ணகி வன்னியிலே தெய்வமாகப் போற்றப்படுகின்றாள். முல்லைத்தீவுப் பகுதியிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலிற் கடல்நீரைக் கொணர்ந்து விளக்கெரிக்கும் மரபு பெயர்பெற்றது. மணத்தொடு தொடங்கிக் கணவனை இழந்த துயரத்தில் எரிந்த ஒருத்தியின் கதையை அந்நிலத்து மக்கள் நெஞ்சோடு பற்றிக்கொண்டமை பின்வரும் வரலாற்றை நோக்குவார்க்குப் பொருளுடையதாகத் தோன்றும்.

ஆயத்த நாள்கள்

மணநாளைக் குறிப்பவர் சோதிடரேயாயினும், மணக்காலத்தை வகுத்தது வயலே எனலாம். வன்னியிற் காலபோக நெல் தை முதற் பங்குனி வரையில் வீடுவந்து சேரும். மார்கழி, ஆடி, புரட்டாதி மாதங்கள் மணத்துக்கு விலக்கப்பட்டன. எனவே, நெற்கூடு நிறைந்திருக்கும் வைகாசி, ஆனி, ஆவணி மாதங்களே மணவீடுகள் பொலியுங் காலமாயின. அதற்கு முன்னரே நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றும் வேலை தொடங்கிவிடும். தென்னோலையைக் கிடுகாகப் பின்னுதலும், பனையின் சார்வோலையைக் கிழித்துப் பாயும் பெட்டியும் கடகமும் சுளகும் இழைத்தலும் வீட்டுப் பெண்களுக்கும் அயற்பெண்களுக்கும் ஓய்வுநேரத் தொழிலாயின. புதுக்குடித்தனத்துக்கு வேண்டிய பாத்திரங்களுட் பாதி இவ்வாறு ஓலையால் ஆயவை.

அழைப்பு வாயாலும் வெற்றிலையாலும் நடைபெற்றது. உறவினர் இல்லந்தோறுஞ் சென்று, வெற்றிலை பாக்கு வைத்து, நாளும் முகூர்த்தமுஞ் சொல்லுதலே முறை. ஒருவீட்டைத் தவறவிடுதல் பல்லாண்டுப் பகைக்கு வித்தாயிற்று. ஆகவே, எவரெவர்க்குச் சொல்வதென்பதை முதியோர் கூடியிருந்து எண்ணி வகுத்தனர்.

பொன்னுருக்கு மணமகன் இல்லத்தில் நல்லநாளில் நிகழும். இருவீட்டாருங் கூடியிருக்க, பொற்கொல்லர் பவுண் நாணயத்தைச் சிறு குகையிலிட்டு உருக்கி, உருகிய பொன்னைச் சபையோர்க்குக் காட்டுவார். தாலிக்குரிய பொன் கலப்பற்றது என்பதற்கு அச்சபையே சான்று. அந்நாளின் பின்னர் மணநாள் வரையில் மணமக்கள் ஒருவரையொருவர் காணுதல் ஆகாது என்பது வழக்கு. அதனையடுத்துக் கன்னிக்கால் ஊன்றப்படும். முள்முருக்கின் கிளையை வெட்டி, மாவிலை கட்டி, முற்றத்தில் நட்டு, சுமங்கலிப் பெண்கள் நீரும் பாலும் வார்ப்பர். முருக்கு வெட்டி நட்டாற் றளிர்க்கும் இயல்பினது. மணம் முடிந்தபின் அக்கிளை வேர்கொண்டு தளிர்ப்பதைக் குடும்பத்துக்கு நன்னிமித்தமாகக் கொண்டனர்.

பலகாரச் சூடு அயலவர் அனைவரையும் ஓரடுப்பினருகிற் கூட்டிய நாளாகும். பயற்றம் பணியாரம், அரியதரம், சிப்பி, சோகி, முறுக்கு முதலியன பெருந்தொகையாகச் சுடப்பட்டன. அரியதரத்தின் பாகுபதமும் பணியாரத்து மாவின் பக்குவமும் கைப்பழக்கத்தால் வருவன; அவற்றில் வல்ல மூதாட்டியை ஊர் அறியும். அவளை முறைப்படி அழைத்து அடுப்பின் முன் இருத்துவது அவட்குச் செய்யும் மரியாதையாயிற்று. மணத்துக்குச் சில நாள் முன்னர் மட்கலங்களில் நவதானியம் விதைத்துப் பாலிகை முளைக்கவைப்பர். பந்தலிலே வாழைமரம், குருத்தோலைத் தோரணம், நிறைகுடம், அரிசிமாக் கோலம் ஆகியன அமையும். நாலாஞ்சடங்கு முடியும்வரை அவ்வீட்டில் அடுப்பு அணைவதில்லை. புதுமனை புகுவார் உப்பும் மஞ்சளும் முதலிற் கொண்டுசெல்வர். ஆனையிறவில் 1930களில் உப்பளம் அமைந்தபின், அவ்வுப்பு அங்குள்ள தொழிலாளர் வாரிக் குவித்ததாக இருத்தலுங் கூடும்.

ஓலையும் பொன்னும்

இக்கைவினைகளுக்கு இணையாக, மணத்தின் மறுபக்கமும் நோக்கற்பாலது. ஒல்லாந்த ஆட்சியின்போது திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டி 1707இல் ஒப்படைத்தார். முதலிமார் 12 பேர் அதனை நோக்கி உடன்பட்டனர். தேசவழமை எனப் பெயரிய அத்தொகுப்பு ஆங்கிலராட்சியில் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியாற் சட்டவலிமை பெற்றது. கணவன் வழியாக வருவது முதுசம், மனைவி கொண்டுவருவது சீதனம், இருவரும் ஈட்டுவது தேடியதேட்டம் என்பது அதன் பாகுபாடு. முற்காலத்தில் தாயின் சீதனத்திலிருந்தே மகளின் சீதனம் கொடுக்கப்பட்டது என்றும், போர்த்துக்கேயர் காலத்திலிருந்து அவ்வேறுபாடு கருதாமல் மூவகைச் சொத்திலிருந்தும் கொடுக்கலாயினர் என்றும் அத்தொகுப்பே கூறுகின்றது.

இம்மாற்றம் சிறிதன்று. தாயின் நிலமும் நகையும் மகளுக்குச் செல்வது பெண்வழி உரிமை. குடும்பச் சொத்து முழுவதும் சீதனத்துக்கு இலக்காகுமிடத்து, அது பேரம்பேசும் பொருளாகிவிடுகின்றது. சீதன ஓலையும், பின்னர் நொத்தாரிசு எழுதும் உறுதியும், தாலிக்கொடியின் பவுண் கணக்கும் மணப்பேச்சில் முன்னிடம் பெற்றன. பாயிழைத்த கைக்கும் பணியாரஞ் சுட்ட கைக்கும் அவ்வோலையில் இடமில்லை. பெண் பெற்றோர் பட்ட கடன் பல இல்லங்களைச் சாய்த்தது. ஆகவே, முற்காலத்து மணம் முழுவதும் அன்பினாலும் எளிமையினாலும் ஆயது என்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

எவர் கைகள்?

மற்றொன்றும் மறைத்தற்குரியதன்று. பந்தலின் மேல் வெள்ளை கட்டி, மாப்பிள்ளை நடந்துவர நிலபாவாடை விரித்தவர் சலவைத் தொழிலாளர். மணமகனுக்கு முகச்சவரஞ் செய்தவர், மேளம் முழக்கியவர், ஓலையும் இளநீரும் இறக்கித் தந்தவர் ஆகியோரும் குடிமை முறையால் அவ்வேலைக்குக் கட்டுண்டவர்கள். மணவீட்டுச் சடங்கில் அவர்களுக்குரிய இடமும் வரிசையும் இருந்தன. வர மறுக்கும் உரிமை இருக்கவில்லை. அவர்களது உழைப்பாற் பொலிந்த பந்தலிலே அவர்கட்குச் சமமான இருக்கை கிட்டவுமில்லை. தேசவழமையிலேயே அடிமைகள் பற்றிய பகுதி உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் 1844இல் ஒழிந்தது. சமுதாயக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலுள்ள 113 ஆண்டுகள், வழக்கம் சட்டத்தினும் எத்துணை வலியது என்பதைக் காட்டுகின்றன.

கையாற் செய்தது என்னுங் காரணத்தால் மட்டும் ஒரு பொருள் உயர்ந்துவிடுவதில்லை. அக்கை தானாக வந்ததா, கட்டாயத்தால் வந்ததா என்பதிலேயே அதன் மதிப்புத் தங்கியுள்ளது. பலகாரச் சூட்டுக்கு வந்த அயலாள் நாளை தன் மகளின் மணத்துக்கு இவ்வீட்டார் வருவர் என்ற நம்பிக்கையோடு வந்தாள். வெள்ளை கட்ட வந்தவர்க்கு அத்தகைய கைம்மாறு எதுவும் இருந்ததில்லை. மரபைப் போற்றுவோர் இவ்விரண்டையும் பகுத்தறிதல் வேண்டும்.

வழி அடைபட்ட காலம்

1990 யூனில் வடக்கு நோக்கிய புகையிரதச் சேவை நின்றது. ஆனையிறவுப் படைமுகாம் 1991இல் முற்றுகையிடப்பட்டது; 2000 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் வசமாயிற்று; 2009 சனவரியில் மீண்டும் அரசபடைகளிடஞ் சென்றது. 1990களின் முற்பகுதியில் அவ்வழி அடைபட்டிருந்தமையால், குடாநாட்டுக்கும் வன்னிக்குமிடையே செல்வோர் உயிரச்சத்தோடு கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தனர். மணத்துக்குச் செல்வார்க்கும் வேறு வழி இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மற்றும் பல பண்டங்களும் அரிதாயின. 1995 அக்டோபர் இறுதியில் நிகழ்ந்த பேரிடப்பெயர்வினாற் பல்லாயிரவர் வன்னியை அடைந்தனர். கடைப்பொருள் கிடையாத அந்நாள்களில் ஓலையும் கிடுகும் அரிசிமாவும் மீண்டும் மணவீட்டின் முதலாயின. உறவினர் பலதிசை சிதறியிருக்க, அடுத்த கொட்டிலில் இருந்தவரே உறவினராயினர்.

போரின் இறுதி ஆண்டுகளில் நிலைமை அதனினுங் கொடியதாயிற்று. கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிய பெற்றோர் இளம்பிள்ளைகளை விரைந்து மணம்முடித்து வைத்தனர். நாள் பார்த்தலும் பந்தலிடுதலும் பலகாரமும் அங்கில்லை. பிள்ளையைக் காக்கும் கேடயமாக மணம் பயன்பட்டது. 2009 மேயிற் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் உடைமையிழந்து முகாம்களை அடைந்தனர். கணவனை இழந்து குடும்பப்பொறுப்பைத் தாங்கிய பெண்கள் வன்னியிற் பல்லாயிரவர். சுமங்கலியே கன்னிக்காலுக்கு நீர் வார்க்கவேண்டும் என்ற விதி, தன் பிள்ளையின் மணத்திலேயே தாயைத் தூணின் பின்னே நிறுத்துமாயின், அவ்விதியை மறுபடி எண்ணுதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

இற்றைநாள் நிலை

புகையிரதம் 2014இல் மீண்டும் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2025 மார்ச்சில் ஆனையிறவில் உணவு உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மணங்கள் மண்டபங்களுக்குச் சென்றுவிட்டன. வாடகை மணவறையும் செயற்கைப்பூவும் அச்சிட்ட அழைப்பிதழும் எங்குங் கிடைக்கின்றன. புலம்பெயர்ந்தார் வாழும் தொரன்ரோவிலும் இலண்டனிலும் இத்தகைய மணங்களே பெருவழக்கு. ஆயினும், பயற்றம் பணியாரமும் பனையோலைப் பெட்டியும் கடல்கடந்து இன்றுஞ் செல்கின்றன. பொன்னுருக்கும் கன்னிக்காலும் குளிர்நாட்டு வீடுகளிலும் நிகழ்கின்றன. தம் மணம் பிறர் மணத்தின் படியாக அமையாது, தமக்கே உரியதாக அமையவேண்டும் என விரும்பும் இளைஞர்கள் ஓலைத் தோரணத்தையும் கைக்கோலத்தையும் நாடுகின்றனர்.

இவ்விருப்பம் நன்று. அது நிறைவுறுதற்கு வேண்டுவன மூன்று. ஓலை இழைப்பவர்க்கும் பலகாரஞ் சுடுபவர்க்கும் உரிய கூலி சென்றடைதல் முதலாவது. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்ற காலந்தொட்டுப் பனங்கைப்பணி ஒரு வாழ்வூதியமாக வளர்க்கப்பட்டு வருகின்றது. வன்னியிற் போரால் நலிந்த பெண்கள் பலர்க்கு இன்று அது கைகொடுக்கக்கூடியது. பந்தலிற் பணிசெய்தவர் அப்பந்தியிலேயே சமமாக அமர்ந்துண்ணுதல் இரண்டாவது. சீதனப் பேரத்தைக் கைவிடுதல் மூன்றாவது. தோரணத்தை ஓலையாற் கட்டிவிட்டுப் பெண்ணின் தந்தையைக் கடனாற் கட்டுதல் எளிமையாகாது.

புதுமணலும் நீரும் நெல்லும் பூவும் கொண்டு, நான்கு பெண்கள் வாழ்த்த நிகழ்ந்த மணத்தைச் சங்கப் புலவர் பாடினர். அம்மணத்துக்கு வேண்டிய பொருள்கள் ஆனையிறவின் இருமருங்கும் இன்றும் உள. விரும்பி வருங் கைகளைக் கூட்டுவதே மணஞ்செய்வார் கடன்.