திரையே, உன் அளவு என்ன?



பரிசளிப்பு விழாவில் பிள்ளைகளின் பெயர்களை வெண்திரையில் காட்டுவது இப்போது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பேரனின் பெயர் தெரிய வேண்டுமல்லவா? ஆனால், மேசைமேல் கம்ப்யூட்டரில் அழகாக இருந்த பெயர், மண்டபத் திரைக்குப் போனதும் ஓரம் வெட்டுப்பட்டோ எறும்பளவாய்ச் சுருங்கியோ போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். “மிஷின் சரியில்லே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். பல வேளைகளில் குற்றம் மிஷினுடையது அல்ல. “திரையே, உன் அளவு என்ன?” என்று கேட்காமலே எழுதியதுதான் குற்றம். அந்தக் கேள்வியைக் கேட்கக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது.

நம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்கு அப்பெயர் எப்படி வந்தது? 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. மரத்தையும் அத்தாப்பையும் விட்டுச் செங்கல்லால் நகரை எழுப்பினார்கள். அதற்குச் செங்கல் சுட்டுக் கொடுத்த இடம் இது. கம்ப்யூட்டர் திரையும் அப்படித்தான். செங்கல் அடுக்குவதுபோலப் புள்ளி புள்ளியாய் அடுக்கித்தான் எழுத்தைக் கட்டுகிறது. மனையை அளக்காமல் எந்தக் கொத்தனாராவது அஸ்திவாரம் போடுவாரா? அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அளக்காமல்தான் போட்டது!

1981-இல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் வண்ணத் திரையில், குறுக்கே 640, நெடுக்கே 200 புள்ளிகள். திரையில் 25 வரி எழுதினால், ஒரு வரிக்கு உயரம் எட்டே புள்ளிதான். ஆங்கில எழுத்து அதற்குள் அடங்கிவிடும். நம்முடைய ‘இ’யும் ‘ணூ’வும் சுழியும் வளைவுமாக எப்படி அடங்கும்? அடுத்த ஆண்டில் வந்த ஹெர்குலிஸ் அட்டை 720-க்கு 348 புள்ளிகள் தந்தது. 1987-இல் வி.ஜி.ஏ. வந்து 640-க்கு 480 ஆக்கியது. இப்படித் திரைகள் ஆளுக்கோர் அளவாக இருந்த காலத்தில்தான், 1985-இல், நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பின்னாளில் அது ‘முரசு அஞ்சல்’ ஆக வளர்ந்தது.

அன்றைய மானிட்டர் ஏறக்குறைய ஊமை. தன் முழு விவரத்தையும் சொல்ல அதற்கு வழியில்லை. லினக்ஸ் வைத்திருந்தவர்கள் மானிட்டரின் கையேட்டைப் பார்த்து, அதன் அதிர்வெண்களைத் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். தப்பாக எழுதினால் பழைய குழாய்த் திரை கெட்டுப்போகவும் கூடும்.

1994-இல் அந்த ஊமைக்கு வாய் வந்தது. ‘வெசா’ என்னும் தர அமைப்பு, இ.டி.ஐ.டி. என்ற முறையை வெளியிட்டது. மானிட்டருக்குள்ளேயே 128 பைட் அளவில் ஓர் அடையாள அட்டை. செய்த கம்பெனியின் மூன்றெழுத்துக் குறி, செய்த ஆண்டு, அகல உயரம் எத்தனை சென்டிமீட்டர், எந்த அளவில் காட்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அந்த 128 எண்களையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லையென்றால் வழியில் ஏதோ பிசகு என்று அர்த்தம். நம் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைக் கூட்டிச் சரிபார்ப்பது போலத்தான்!

அடுத்த சங்கடம், ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு மூன்று திரைகள். 1987-இல் மெக்கின்டாஷ் II-இலும், 1998-இல் விண்டோஸ் 98-இலும் இது வந்தது. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு நினைவிருக்கிறதா? யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பெயர் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதானே நிரை பிரித்துக் கொடுப்பார்கள்? மென்பொருளும் அப்படித்தான் பெரட்டு எடுக்க வேண்டும். எத்தனை திரை? எது முதன்மை? எது இடப்பக்கம், எது வலப்பக்கம்? ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளி?

இதைக் கேட்பதற்கும் ஊருக்கு ஒரு பாஷை. விண்டோஸுக்கு ஒன்று, மெக்கின்டாஷுக்கு ஒன்று, 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோவுக்கு வேறொன்று. எக்ஸ் விண்டோவில், ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை அளவை மாற்றவும் கேட்டறியவும் ஜிம் கெட்டிஸும் கீத் பேக்கார்டும் 2001-இல் வழி சொன்னார்கள். எல்லாப் பாஷையும் தெரிந்த துபாஷிகளும் வந்து சேர்ந்தார்கள்: 1995-இல் நார்வே நாட்டின் க்யூட், 1998-இல் எஸ்.டி.எல்., பிறகு ஜி.எல்.எஃப்.டபிள்யூ. 2013-இல் வந்த இதன் மூன்றாம் பதிப்பிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். எந்தக் கம்ப்யூட்டரானாலும் திரைகளின் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்துவிடும்.

ஆனால் மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். பதில் வந்துவிட்டால் மட்டும் போதாது. சில திரைகள் தங்கள் அகல உயரத்தைத் தப்பாகச் சொல்வதுண்டு. சுவரில் படம் வீசும் புரொஜெக்டருக்கோ சொந்த அளவே கிடையாது. தள்ளி வைத்தால் படம் பெரிது, கிட்டே வைத்தால் சிறிது. ஆகவே, சென்டிமீட்டர் கேட்டால் அது ‘பூஜ்யம்’ என்று பதில் சொல்லலாம். விவரமில்லாத மென்பொருள் அந்தப் பூஜ்யத்தை நம்பிக் கணக்குப் போட்டுத் தடுமாறும். விவரமுள்ளது, புள்ளிக் கணக்கை வைத்துக்கொண்டு எழுத்தைப் பெரிதாக்கும்.

நாளை உங்களில் ஒருவர், கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ உட்கார்ந்து தமிழ் மென்பொருள் எழுதலாம். அப்போது, ‘என் மேசையில் சரியாகத் தெரிகிறது’ என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். முதலில் திரையைக் கேளுங்கள். கேட்டதைச் சரிபாருங்கள். அப்புறம் எழுந்துபோய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே, நாற்பது வருடம் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி, தன் பேரனின் பெயரைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் காத்திருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் உங்கள் வேலை முடிந்தது.