நான் தவறாக நடத்திய ஒரு பாடம்



போன வாரம் அமெரிக்காவிலிருந்து என் அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டான். யாரோ வைத்திருந்த பழைய கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறான். 1911 மாடல். துடைப்பதற்காகக் கழற்றியிருக்கிறான்.

"மாமா, குழலுக்கு அடியில ஒரு குட்டித் துண்டு லொடலொடன்னு ஆடுது. இது இப்படித்தான் இருக்குமா? திரும்ப மாட்டினா எல்லாம் சரியா உட்காருது."

கல்லூரி என்.சி.சி.யில் ரைஃபிளைத் தொட்டதோடு சரி நான். "படிச்சுட்டுச் சொல்றேன், அதுவரை அதைத் தொடாதே" என்றேன். படிக்கப்போன இடத்தில், உங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒன்று தப்பு என்று தெரிந்தது.

ஒரு காலத்தில் துப்பாக்கியின் ஒவ்வொரு உறுப்பையும் அரத்தால் ராவி, அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே பொருத்துவார்கள். ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் சேராது. பிரான்சில் ஹொனோரே பிளாங்க் என்பவர் இதை மாற்ற முயன்றார். 1785இல் அவர் பட்டறைக்குப் போன தாமஸ் ஜெஃபர்சன், கலந்து கிடந்த உறுப்புகளைக் கைக்கு வந்தபடி எடுத்துத் தானே கோர்த்துப் பார்த்து வியந்தார்.

அடுத்து எலி விட்னி. பருத்திக்கொட்டை நீக்கும் எந்திரத்துக்காக நாம் படித்தவர்தான். 1798இல் 10,000 துப்பாக்கிகள் செய்துதர அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் போட்டார். 1801இல் தலைவர்கள் முன்னால் உறுப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டினார். "மாற்று உறுப்பு முறையின் தந்தை" என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டவர் இவர்தான். ஆனால் அவர் செய்த துப்பாக்கிகளைப் பிற்கால ஆய்வாளர்கள் கழற்றிப் பார்த்தபோது உறுப்புகள் ஒன்றுக்கொன்று சேரவில்லை. சிலவற்றில் தனித்தனி அடையாளக் குறிகூட இருந்தது. இரண்டு வருடத்தில் தருவதாகச் சொன்ன வேலை முடிந்தது 1809இல்.

உண்மையில் பாடுபட்டவர்கள் வேறு. 1813இல் சிமியோன் நார்த், உறுப்புகள் மாற்றிப் பொருந்தும்படி 20,000 கைத்துப்பாக்கிகள் செய்ய ஒப்பந்தமானார். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையில் ஜான் ஹால், ஒவ்வோர் உறுப்பையும் அளவுக்கருவி வைத்துச் சோதித்தார். 1834 வாக்கில் இந்த இருவரும் வெவ்வேறு ஊர்களில் செய்த ரைஃபிள்களின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தின.

அந்த வழியில் வந்ததுதான் மருமகன் கையிலிருப்பதும். இரண்டாம் உலகப்போரில் இதே மாடலை 8 லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தது, நம்மில் பலர் டைப் அடித்துப் பழகிய ரெமிங்டன் பெயர் தாங்கிய டைப்ரைட்டர் கம்பெனி!

அவனுக்கு இப்படிச் சொன்னேன்: "அந்தத் துண்டு ஆடத்தான் வேண்டும். சுட்டதும் குழலைக் கீழே இழுத்து, மேலிருக்கும் ஸ்லைடிலிருந்து விடுவிப்பது அதுதான். ஆனால் எல்லாம் சரியாக உட்காருகிறது என்பதை மட்டும் நம்பாதே. விட்னி காட்டியபோதும் எல்லாம் சரியாகத்தான் உட்கார்ந்தது. பழைய துப்பாக்கி, முன்னால் வைத்திருந்தவர் எதை மாற்றினாரோ! பழுதுபார்ப்பவரிடம் காட்டி அளந்து பார்க்காமல் சுடாதே. கழற்றும் முன் மேகசினை எடுத்தால் மட்டும் போதாது. தோட்டா அறைக்குள் ஒன்று தங்கியிருக்கலாம். திறந்து கண்ணால் பார்."

"சரி மாமா" என்றான். காட்டிவிட்டுப் பேசுகிறேன் என்றிருக்கிறான். அந்த போனுக்குத்தான் காத்திருக்கிறேன்.

என் பழைய மாணவர்களே, நோட்டில் விட்னி பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தீர்களானால், பக்கத்தில் நார்த், ஹால் என்று எழுதிக்கொள்ளுங்கள். தப்பு என்னுடையது.