கரிப்பந்தும் கூட்டாட்டமும்



பரிசு நாள் என்றால் மேடை ஏறும் பிள்ளைகளைத்தான் எல்லாரும் பார்ப்போம். “நமக்கு ஒண்ணும் கிடைக்கலையே” என்று கீழே உட்கார்ந்து கை தட்டும் பிள்ளைகளுக்காக இந்தச் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

விளக்குக் கரியைத் துடைத்துப் போடுகிறோம். அதே கரி அணுக்கள் அறுபது சேர்ந்தால், உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பந்து உண்டாகும். திடலில் நம்ம பையன்கள் உதைக்கிற கால்பந்தின் அமைப்பேதான்: 12 ஐங்கோணம், 20 அறுகோணம். 1985-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி என்ற மூன்று பேராசிரியர்களும், ஹீத், ஓ’பிரையன் என்ற இரு மாணவர்களும் அதைக் கண்டறிந்தார்கள். 1990-இல் கிராட்ச்மர், ஹஃப்மன் குழுவினர் அதை அதிக அளவில் தயாரிக்க வழி கண்டனர்.

அதன்மேல் ஒளி பட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு கரி அணுவுக்கும் வெளிச்சுற்றில் 4 எலக்ட்ரான்கள், மொத்தம் 240. இவை ஒன்றுகூடி ஆடும் என்று 1991-இல் பெர்ட்ஷ் குழுவினர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். தைப்பூசத்தன்று சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் நின்றிருக்கிறீர்களா? ஒரு பக்கம் நெருக்கினால் கூட்டமே சாயும். பிறகு இந்தப் பக்கம் திரும்பி வரும். அப்படித்தான் இதுவும். எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் ஒதுங்கினால், விட்டுவந்த இடத்திலுள்ள நேர்மின்சுமை அவற்றைத் திரும்ப இழுக்கும். வந்த வேகத்தில் மறுபக்கம் போய்விடும். இந்தக் கூட்டாட்டத்துக்குப் பிளாஸ்மான் என்று பெயர்.

மறு ஆண்டே, 1992-இல், ஜெர்மனியின் ஹெர்ட்டல் குழுவினர் சிங்குரோட்டிரான் ஒளியைப் பாய்ச்சிச் சோதித்தனர். ஏறக்குறைய 20 எலக்ட்ரான் வோல்ட் சக்தியில் பந்து ஒளியை மிகுதியாக விழுங்கி, எலக்ட்ரானை வெளியே தள்ளியது. கணக்கு பலித்துவிட்டது! அந்த ஆட்டத்தின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 4,800 லட்சம் கோடி தடவை. ஆனால் ஓரிரு ஆட்டத்திலேயே அடங்கிவிடும். 2005-இல், மின்னேற்றம் பெற்ற இதே பந்துகளில், 38 எலக்ட்ரான் வோல்ட் அருகே இன்னொரு கூட்டாட்டமும் தெரிந்தது. சிங்குரோட்டிரான் ஏதோ தூரதேசத்துச் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒன்று அமைந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பந்தின் 60 இடங்களும் சமம். முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு கிடையாது. 240-இல் தலைவனும் இல்லை. ஒன்றின் அசைவு மற்றதைத் தள்ளுவதால்தான் ஆட்டமே நடக்கிறது.

1996-இல் நோபல் பரிசு மூன்று பேராசிரியர்களுக்குக் கிடைத்தது. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர்வதில்லை என்பது அங்கே விதி. ஆனாலும் 1985-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஐந்து பெயர்களும் இருக்கின்றன; யாராலும் அழிக்க முடியாது.

ஆகவே பிள்ளைகளே, இன்று வெறுங்கையோடு வீடு திரும்பினாலும் தலை குனியாதீர்கள். பெற்றோர்களே, “ஏன் பரிசு வாங்கல?” என்று கேட்காமல், “இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?” என்று கேளுங்கள். ஊர் கூடினால்தானே தேர் நகரும்!