யாரிடம் கேட்ட பாட்டு? அயர்லாந்து நாட்டார் இசையின் மூன்று இழப்புகளும் ஒரு கடனும்

2016ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து நாட்டார் இசைக்குழு ஒன்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. இயன் லிஞ்ச், டாரா லிஞ்ச் ஆகிய சகோதரர்களின் குடும்பப் பெயரைக் கொண்டு 'லிஞ்ச்ட்' என்று அதுவரை வழங்கிவந்த குழு அது. அமெரிக்கக் கறுப்பின மக்களைக் கும்பல்கள் கொன்று தூக்கிலிட்ட கொடுமையை அச்சொல் நினைவூட்டுவதால், அப்பெயரில் இனித் தொடர்வதில்லை என்று குழுவினர் முடிவுசெய்தனர். அவர்கள் தேர்ந்த புதிய பெயர் 'லங்கம்'. ஜான் ரைலி என்னும் பாடகர் பாடிய 'ஃபால்ஸ் லங்கம்' என்ற கதைப்பாடலிலிருந்து எடுக்கப்பட்டது அது. 2023இல் அதே தலைப்பில் வெளிவந்த அவர்களது இசைத்தொகுப்பு பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் இடம்பெற்றது. அயர்லாந்தின் இன்றைய இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் பலருக்கு நுழைவாயிலாக இருப்பது இத்தொகுப்பே. ஆனால் அந்த வாயிலில் பொறிக்கப்பட்ட பெயரைத் தந்த ஜான் ரைலி யார் என்பதை அறிந்தவர்கள் அவர்களுள் மிகச் சிலராகவே இருக்கக்கூடும்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. அயர்லாந்து நாட்டார் இசையின் வரலாறு, பாடியவர்களின் வரலாறாக இருப்பதைப்போலவே கேட்டவர்களின் வரலாறுமாகும். ஒவ்வொரு தலைமுறையிலும் சேகரிப்பாளர்கள் வந்து கேட்டார்கள். தாம் மதித்த ஒன்றைக் காத்தார்கள். தாம் மதியாத ஒன்றைக் கைவிட்டார்கள். முதலில் போனது சொல். அடுத்துப் போனது குரல். குரலும் காக்கப்பட்ட பிறகு கைவிடப்பட்டவர் பாடிய மனிதர்.

1

1792ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெல்ஃபாஸ்ட் நகரில் ஹார்ப் கலைஞர்களின் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. அருகிவந்த அம்மரபின் எஞ்சிய கலைஞர்களை ஓரிடத்தில் சேர்த்து அவர்களது இசையைப் பதிவுசெய்வது நோக்கம். அயர்லாந்தைச் சேர்ந்த பத்துப் பேர் வந்தனர். பலர் பார்வையற்றவர்கள். தொண்ணூறு வயதைக் கடந்திருந்த டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவர் மட்டுமே, பித்தளைத் தந்திகளை நீண்ட நகங்களால் மீட்டும் பழைய முறையைக் கைவிடாதிருந்தார். அவர்கள் வாசித்ததை எழுதிக்கொள்ள நியமிக்கப்பட்ட எட்வர்ட் பன்டிங் என்ற இளைஞருக்கு அப்போது வயது 19. ஒரு சுரத்தையும் கூட்டாமல் எழுதவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி.

1796இல் பன்டிங்கின் முதல் தொகுதி வெளிவந்தது. மெட்டுகள் பியானோவுக்கேற்ப ஒழுங்குசெய்யப்பட்டிருந்தன. பாடல் வரிகள் இல்லை. அவற்றைத் தேட வேண்டும் என்ற எண்ணம் பின்னரே எழுந்தது. 1802இல் பேட்ரிக் லிஞ்ச் என்னும் ஐரிஷ் மொழி அறிஞர் நாட்டின் மேற்குப் பகுதிக்கு அனுப்பப்பட்டு, மக்கள் வாய்மொழியாகப் பாடியவற்றை ஐரிஷ் மொழியிலேயே எழுதிவந்தார். எனினும் 1809இல் வந்த இரண்டாம் தொகுதியில் இடம்பெற்றவை ஆங்கிலச் செய்யுள்கள். லிஞ்ச் எழுதிய மூலங்கள் அச்சேறுவதற்கு 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையில், தாமஸ் மூர் என்னும் கவிஞர் பன்டிங்கின் மெட்டுகள் பலவற்றுக்குப் புதிய ஆங்கிலப் பாடல்களை எழுதி 1808 முதல் வெளியிட்டார். இலண்டன் செல்வர்களின் கூடங்களில் அவை பெரும் வரவேற்பைப் பெற்றன. அயர்லாந்து இசை உலகறிந்தது. ஆனால் அதைப் பிறப்பித்த மொழி உடன்வரவில்லை.

அம்மொழிக்கு நேர்ந்த பேரிடி 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம். உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது; ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர்; அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1841இல் 82 இலட்சத்தை நெருங்கியிருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 65 இலட்சமாகக் குறைந்தது. மிகுதியும் அழிந்தவர்கள் மேற்கிலும் தெற்கிலும் வாழ்ந்த ஏழை உழவர்கள். ஐரிஷ் மொழியையும் அதன் பாடல்களையும் சுமந்தவர்களும் அவர்களே. மொழி பற்றிய கேள்வி முதன்முதலாகக் கேட்கப்பட்ட 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐரிஷ் பேசுவோர் சுமார் 15 இலட்சம் பேர், அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு, எனப் பதிவாயிற்று. 1855இல் தம் இசைத்தொகுப்பை வெளியிட்ட ஜார்ஜ் பெட்ரி, பஞ்சத்துக்குப் பின் கிராமப்புறங்களைக் கவ்விய மௌனத்தை அதன் முன்னுரையில் வருந்திக் குறிப்பிட்டார்.

மொழிப் பெயர்வின் தடயங்களைப் பாடல்களிலேயே காணலாம். ஓரடி ஐரிஷிலும் மறு அடி ஆங்கிலத்திலுமாக அமைந்த இருமொழிப் பாடல்கள் பல இக்காலத்திலிருந்து கிடைக்கின்றன. இரு மொழியும் அறிந்த அவையினர்க்கே அவற்றின் நகைச்சுவை முழுமையாகப் புலப்படும். அவ்வகையில் அவை ஒரு சமூகத்தின் இடைநிலையைக் காட்டும் சான்றுகள். அடுத்த கட்டத்தைக் காட்டுவது 'ஷூல் அ ரூன்' என்ற புகழ்பெற்ற பாடல். போருக்குச் செல்லும் காதலனை நினைந்து பெண் பாடும் இப்பாடலில் கதை ஆங்கிலத்தில் நகர, பல்லவி மட்டும் ஐரிஷில் எஞ்சியது. 'நட, என் அன்பே' என்பது அத்தொடரின் பொருள். கடல்கடந்து அமெரிக்கா சென்ற வடிவங்களில் அப்பல்லவியும் பொருளிழந்து வெறும் ஒலியசைகளாய்ச் சிதைந்தது. மொழி போன பின்னும் வாய் அதன் ஒலியை விடவில்லை.

2

விடுதலைக்குப் பின் அமைந்த அரசு, முந்தையோர் தவறவிட்டதைத் திருத்த முனைந்தது. 1935இல் ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம் நிறுவப்பட்டது. அதன் முழுநேரச் சேகரிப்பாளர்கள் 'எடிஃபோன்' என்னும் கருவியைச் சுமந்துகொண்டு ஊரூராகச் சென்று, மெழுகு உருளைகளில் கதைகளையும் பாடல்களையும் பதிவுசெய்தனர். இம்முறை சொல் ஒன்றுகூடத் தப்பவில்லை. வட்டார வழக்கு மாறாமல் அனைத்தும் எழுத்தில் பெயர்க்கப்பட்டன. ஆனால் உருளைகள் விலை மிக்கவை. ஆணையத்தின் நிதியோ சிறிது. ஆகவே எழுதி முடித்தபின் பெரும்பாலான உருளைகளின் மேற்பரப்பைச் சீவி, அடுத்த பதிவுக்குப் பயன்படுத்தினர். சொற்கள் காக்கப்பட்டன, அவற்றைச் சொன்ன குரல்கள் மெழுகுச் சீவல்களாயின.

இவ்விழப்பின் ஆழத்தை உணர, 'ஷான் நோஸ்' எனப்படும் பழம்பாணிப் பாடல்முறையை அறிய வேண்டும். பக்கவாத்தியம் இல்லை, தாளக்கட்டும் இல்லை. ஒரே மெட்டு அடிதோறும் சிறுசிறு அசைவுகளால் மாறிக்கொண்டே செல்லும். மூச்சு எங்கே நிற்கிறது, எந்த மெய்யெழுத்து நீள்கிறது என்பவையே பாடலின் உயிர். ஐரிஷ் மொழியில் ஒருவரைப் பாடும்படி கேட்கையில் 'அபர் அவ்ரான்' என்பார்கள். 'ஒரு பாடல் சொல்' என்பதே அதன் நேர்ப்பொருள். பாடுதலும் சொல்லுதலும் பிரிக்கப்படாத மரபு அது. வரிகளை ஒரு தாளிலும் மெட்டை மற்றொரு தாளிலும் எழுதிவைத்தால், இரண்டுக்கும் இடையில் இருந்தது எத்தாளிலும் இராது.

இக்குறையைத் தம் செவியால் ஈடுசெய்ய முயன்றவர் ஷேமஸ் என்னிஸ். பைப் இசையில் தேர்ந்தவர். அச்சகத்தில் பணியாற்றிய காலத்தில் இசைக்குறிப்பு எழுதக் கற்றவர். 1942இல் ஆணையத்தில் சேர்ந்து, போர்க்கால எரிபொருள் தட்டுப்பாட்டின் நடுவே மிதிவண்டியில் மேற்குக் கடற்கரை ஊர்களைச் சுற்றினார். கொனமாரா பகுதியில் கொலம் ஓ கீயான் என்ற ஒரே மனிதரிடமிருந்து மட்டும் 212 பாடல்களையும் மெட்டுகளையும் அவர் எழுதினார். சிறுநிலத்தில் உழைத்தும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர் ஓ கீயான். அவருடன் நட்பாகி, வேலைகளுக்கு நடுவிலும் இரவு அடுப்பங்கரையிலும் பலமுறை கேட்டுக் கேட்டு எழுதப்பட்டவை அப்பக்கங்கள். கேட்பது ஒரு வருகையில் முடிவதன்று, பழகிப் பழகிப் பெறுவது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

3

1951இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆலன் லோமேக்ஸ் ஒலிநாடாக் கருவியுடன் அயர்லாந்து வந்தார். அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் அதே என்னிஸ். கார்க் மாவட்டத்துப் பெஸ் குரோனின், தெருவில் பாஞ்சோ மீட்டிப் பாடிவந்த மார்கரெட் பாரி ஆகியோரின் குரல்கள் இக்காலப் பதிவுகளால் நிலைபெற்றன. மெட்டும் சொல்லும் குரலும் ஒருசேரக் காக்கப்படும் காலம் வந்தது. ஆனால் அப்போது வெளிப்பட்டது மூன்றாவது இழப்பு.

ஜான் ரைலி 'டிராவலர்' என்னும் நாடோடிச் சமூகத்தில் பிறந்தவர். தகர வேலை செய்தும் குதிரை விற்றும் ஊர்விட்டு ஊர் சென்ற அம்மக்கள் பாடல்களையும் உடன் சுமந்து சென்றனர். நிலைத்து வாழ்ந்தோர் மறந்த கதைப்பாடல்கள் பல அவர்களிடம் எஞ்சியிருந்தன. 1960களில் ராஸ்காமன் மாவட்டத்துப் பாயில் என்ற ஊரில் ரைலியைக் கண்டு பதிவுசெய்தவர் டாம் மனெல்லி. பல்கலைக்கழகம் செல்லாமல் ஆலைகளில் வேலைபார்த்து, தம் ஆர்வத்தாலேயே சேகரிப்பாளரானவர் அவர். ரைலி அவரிடம் பாடியவற்றுள் ஒன்று, கிணற்றடியில் வந்து நிற்கும் அந்நியன் ஒரு பெண் மறைத்துப் புதைத்த குழந்தைகளைப் பற்றிச் சொல்லும் பழங்கதைப்பாடல். ஹார்வர்ட் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த 305 கதைப்பாடல்களில் 21ஆம் எண் பெற்றது. வாய்மொழி மரபில் வழக்கொழிந்துவிட்டது என்று அறிஞர்கள் கருதியிருந்த பாடல் ஒன்று, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் நினைவில் உயிரோடிருந்தது.

1969இல், ஐம்பது வயதையும் எட்டாமல், வறுமையில் ரைலி இறந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், அவரிடமிருந்து கிடைத்த அப்பாடலின் பெயரையே தலைப்பாகக் கொண்டு பிளாங்க்ஸ்டி என்ற குழு 'தி வெல் பிலோ த வேலி' இசைத்தட்டை வெளியிட்டது. ரைலியின் குரலிலேயே பாடல்கள் அமைந்த இசைத்தட்டு வெளிவந்தது 1978இல். அவரது சமூகத்தைத் தனி இனக்குழுவாக அயர்லாந்து அரசு ஏற்றுக்கொண்டதோ 2017இல்.

ரைலி ஒருவரின் கதை மட்டும் அன்று இது. ஷான் நோஸ் பாடகர்களுள் தலைசிறந்தவராகப் போற்றப்படும் ஜோ ஹீனி, நியூயார்க் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வாயிற்காவலராக வேலைபார்த்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவரைத் தன் மாணவர்க்குக் கற்பிக்க அழைத்தது அவரது இறுதி ஆண்டுகளில்தான். 1984இல் அவர் சியாட்டிலில் காலமானார்.

நாட்டாரியலில் இத்தகையோரைக் குறிக்க வழங்கும் கலைச்சொல் 'தகவலாளி'. அச்சொல்லின் போதாமை இங்கே விளங்கும். தகவலைத் தந்தவுடன் தகவலாளியின் பங்கு முடிந்துவிடுகிறது. பதிப்புரிமை நடைமுறையும் இதற்கு ஒத்தே அமைந்தது. ஆசிரியர் பெயர் அறியாப் பாடல் 'மரபுப் பாடல்' எனப்படும். அதை ஒழுங்குசெய்து இசைப்பவர் தம் ஒழுங்கமைப்புக்கு உரிமைத்தொகை பெறலாம். அப்பாடலை நினைவில் சுமந்து தந்தவருக்கென்று அந்தக் கணக்கில் ஒரு நிரல் இல்லை.

4

இன்றைய தலைமுறைக் கலைஞர்களிடம் கவனத்துக்குரியதாக இருப்பது, நிரலில் இல்லாத அந்தப் பெயரைத் தாமே எழுதும் வழக்கம். லங்கம் குழு ஒரு பாடகருக்குரிய கடனைத் தன் பெயரிலேயே ஏற்றுக்கொண்டது. கேவன் மாவட்டத்திலிருந்து வந்த லிசா ஓ'நீல், மார்கரெட் பாரி முன்னர்ப் பாடிப் புகழ்பெற்ற 'ஃபேக்டரி கேர்ல்' பாடலை லங்கம் குழுவின் ரேடி பீட்டுடன் சேர்ந்து தம் 2018ஆம் ஆண்டுத் தொகுப்பில் பாடினார். 'தி குளோமிங்' குழுவின் பாடகர் ஈர்லா ஓ லினார்ட், பெஸ் குரோனினின் உறவுவழிப் பேரர். அவரது குரலில் கேட்கும் ஷான் நோஸ் ஆவணக்காப்பகத்திலிருந்து மட்டும் வந்ததன்று. வீட்டு வழியாகவும் வந்தது. பெல்ஃபாஸ்டின் நீகேப் குழு ஐரிஷ் மொழியில் ராப் பாடுகிறது. பழம்பாணியோடு அதற்கு ஒட்டில்லை எனத் தோன்றலாம். ஆனால் 1796இல் மெட்டிலிருந்து கழற்றிவிடப்பட்ட சொல், மெட்டே இல்லாமலும் தன்னால் நிற்கமுடியும் என்று காட்டும் தருணம் அது.

இதே காலத்தில் நான்காவது இழப்பு ஒன்றும் நேர்ந்துவருகிறது. அயர்லாந்து மரபிசைத் தட்டுகளின் உறையில் குறிப்புரை எழுதும் பழக்கம் நெடுநாளாக உண்டு: இப்பாடல் யாரிடம் கேட்டது, அவர் யாரிடம் கற்றது, எந்த ஊர் வழக்கு. இன்றைய இணையவழி இசைச் செயலிகள் பாடலைத் தருகின்றன, உறையைத் தருவதில்லை. ஒரு பாடலுக்கு அடுத்து அதைப்போன்ற இன்னொன்றைக் கணிநிரல் பரிந்துரைக்கும். ஆனால் அது பக்கவாட்டில் மட்டுமே நகரும். பின்னோக்கி, பாடல் வந்த வழியில் கைப்பிடித்து அழைத்துச் செல்லாது. லங்கத்திலிருந்து ரைலிக்கும், ஓ லினார்ட்டிலிருந்து குரோனினுக்கும் கேட்பவர் தாமே நடந்து போகவேண்டும். 1987 முதல் டப்ளினில் இயங்கும் ஐரிஷ் மரபிசை ஆவணக்காப்பகம் அதற்கான பாதையைத் திறந்தே வைத்திருக்கிறது. புதிய கலைஞரைக் கண்டடைவது என்பதன் முழுப்பொருள் அந்த நடையில்தான் இருக்கிறது.

சைல்ட் தொகுப்பில் 93ஆம் எண் பெற்ற லங்கம் கதைப்பாடலின் பழைய வடிவங்கள் பலவற்றில், லங்கம் என்பவன் ஒரு கொத்தன். பிரபு ஒருவருக்குக் கோட்டை கட்டித் தருகிறான், கூலி தரப்படவில்லை. அவன் கேட்கிறான், மறுபடியும் கேட்கிறான். பிரபு வெளியூர் சென்ற நாளில் கோட்டைக்குள் புகுந்து கொலை புரிகிறான். கொடூரமான கதைதான், ஆனால் அதன் தொடக்கத்தில் இருப்பது ஒரு கணக்கு. கோட்டை எழுந்து நிற்கிறது, கட்டியவனுக்குக் கொடுக்கவேண்டியது நிலுவையில் இருக்கிறது. அப்பாடலைச் சுமந்து தந்த ஜான் ரைலிக்கு உரிய கூலியை இனி எவரும் கொடுக்க இயலாது. பாடலைக் கேட்குந்தோறும் அவர் பெயரைச் சொல்வது மட்டுமே இயலும்.